ஏழு பேருக்கு ஓர் எண்

பஞ்சுமிட்டாய்க்காரர் தெருமுனையில் மணியை ஆட்டினால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். எழுந்து நின்று மூன்று முறை கைதட்டத் தோன்றும். போன ஞாயிற்றுக்கிழமை அப்படித் தட்டியே விட்டேன். மடியில் இருந்த வெங்காயத் தோலெல்லாம் கூடத்தில் பறந்தது. வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்பது வருஷம் ஒரே வேலையில் இருப்பவளின் உடம்பு பாதி அந்த வேலைக்குச் சொந்தம் என்று அவர்களுக்குத் தெரியும்.

மணி எங்கள் அலுவலகத்துப் பழக்கம். உத்திரமேரூர் பஜார் தெருவில் ஓர் உரக்கடை, அதன் மாடியில் நாங்கள். நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருக்கும் பெரிய கம்பெனியின் மிகச் சிறிய கிளை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேடிச் சேர்த்துவிடுவது வேலை. கம்பெனிக்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஆள் எடுக்கிற ஆபீஸ்’ என்பார்கள். மூன்று மேசை, ஒரு தண்ணீர் கேன், படிக்கட்டு வழியே ஏறிவரும் பூச்சிமருந்து வாசனை, சுவரில் ‘நாம் ஒரு குடும்பம்’ என்ற எழுத்துக்குக் கீழே கண்ணாடிக் கட்டடத்தின் முன் நின்று சிரிக்கிற யாரோ சிலர். அவர்களில் ஒருவரையும் நாங்கள் பார்த்ததில்லை.

நாங்கள் அனுப்பிய ஒருவர் வேலையில் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தால், அனுப்பியவர் போய்ச் சுவரோரம் தொங்கும் பித்தளை மணியை ஒருமுறை அடிக்க வேண்டும். மற்ற இரண்டு பேரும் எழுந்து நின்று மூன்று முறை தட்ட வேண்டும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சென்னையிலிருந்து கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். ஒரு சேர்க்கை, ஒரு மணி. அவ்வளவுதான் எங்கள் சந்தோஷத்தின் இலக்கணம்.

எனக்கு உட்கார்ந்தால் கால் ஆடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. நர்சரிப் பள்ளி, கூரியர் ஆபீஸ், இன்சூரன்ஸ் என்று மூன்று வேலைகளைப் பாதியில் விட்டவள். இதில் தங்கியதற்குக் காரணம், இது உட்காருகிற வேலை இல்லை. ரேஷன் கடை வரிசையில், நெல் காயும் ரோட்டோரத்தில், நூறுநாள் வேலை நடக்கும் ஏரிக்குள் நின்று பேச வேண்டும். ஆனால் நாற்பத்தாறு வயதில் பாதைகளுக்கும் என்னைச் சலித்துவிட்டது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் சென்னைக்கும் ஓசூருக்கும் போய்விட்டார்கள். இந்த வருஷம் சென்னையில் ஏரியா லீட் பதவி ஒன்று காலியானபோது எங்கள் கிளையிலிருந்து இரண்டு பெயர்கள் போயின. ஒன்று என் பெயர். எனக்கு அது வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல், பசிக்கிற மாதிரி வேண்டியிருந்தது. சென்னையில் எனக்கு ஒரு ஜன்னல் இருக்கும், அதில் பூச்சிமருந்து வாசனை வராது என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இன்னொரு பெயர் என் எதிர்மேசைக்காரியுடையது.

என்னைவிடப் பத்து வயது இளையவள். பிறந்தது கூரம், வாழ வந்தது உத்திரமேரூர். அவளுடைய அம்மா இன்றும் அடுத்தவர் கழனிக்கு நடவுக்குப் போகிறார். இவள் முதன்முதலில் எங்கள் படியேறியது வேலை கேட்டு. இரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் நின்றபடியே ஒயர் பொருத்தினாள். பிறகு ஆள் எடுக்கிறவளாக அதே படியேறி வந்தாள். அதனால் எங்களுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரியும். எந்தத் தொழிற்சாலையில் பாத்ரூம் போக யாரிடம் கேட்க வேண்டும், எந்த டிரைவர் எந்த நிறுத்தத்தில் நிற்காமல் போய்விடுவார் என்பது வரை.

“இன்னாக்கா, காலு ஆடிக்கினே கீது? நிலநடுக்கம்னு கீழ உரக்கடைக்காரரு மூட்டைய தூக்கிக்கினு ஓடப்போறாரு” என்பாள்.

மணியைப் போல எங்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு, எழுப்புவது. சேர்ந்த ஆள் முதல் இரண்டு மாதம் ஓடிவிடாமல் இருந்தால்தான் அந்தச் சேர்க்கை செல்லும். கம்பெனி பஸ் விடியற்காலை நாலே முக்காலுக்கு வந்துவிடும். ஆகவே நாலு மணிக்கே எழுந்து, அவரவர் சேர்த்த ஆட்களை அவரவர் போனில் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். எழுந்தாச்சா, பல்லு விளக்கியாச்சா. என் வீட்டில் யாரையும் நான் அப்படிக் கேட்டதில்லை. முகம் மறந்துபோன எத்தனையோ பேருடைய தூக்கக் குரல் மட்டும் எனக்குள் தனித்தனியாக இருக்கிறது.

நடவும் களையும் முடிந்து, அறுவடைக்கும் மெஷின் வந்துவிட்டதால் கழனியில் ஆளுக்கு வேலை ஓய்ந்திருந்த சமயம். வாலாஜாபாத் ரோட்டில், ஓர் ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பிலிருந்து ஏழு பெண்களை எதிர்மேசைக்காரி அழைத்து வந்தாள். பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை. ஏழு பேரும் படியேறி வந்து, நாற்காலி இருந்தும் சுவரோரமாக நின்றார்கள்.

“உக்காருங்க. இது ஒண்ணும் போலீஸ் ஸ்டேசன் இல்ல” என்றாள் இவள். அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது.

கம்ப்யூட்டரில் பெயர், வயது, ஆதார் எல்லாம் ஏறின. போன் எண் என்ற கட்டம் வந்தபோது முதல் பெண், முப்பது வயதிருக்கும், ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினாள். மற்ற ஆறு பேரும் அந்தப் போனையே கைகாட்டினார்கள். குடியிருப்பில் இருந்தது அந்த ஒரு போன்தான். எதிர்மேசைக்காரி யோசிக்கவே இல்லை. ஏழு கட்டத்திலும் அதே எண்ணை எழுதினாள்.

ஏழு பேரும் வேலையில் சேர்ந்தார்கள். அவள் ஏழு முறை மணி அடித்தாள். நானும் எங்கள் மேனேஜரும் இருபத்தொரு முறை தட்டினோம். எனக்குள் ஒரு பக்கம் கசந்தது என்பதையும் எழுத வேண்டும். அந்த மாதம் என் கையில் நாலு மணிகள்தான்.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து வந்த அறிக்கையில் அந்த ஏழு பேர் ஒருத்தியாகிவிட்டிருந்தார்கள். ஓர் எண்ணுக்கு ஓர் ஆள் என்பது கம்ப்யூட்டரின் கணக்கு. ஒரே எண்ணில் ஏழு பெயர்களைப் பார்த்ததும் அது ஆறைத் துடைத்துவிட்டது.

மேனேஜர் திருச்சிப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், பயந்தவர். “ஏழு அடிச்சோம். ஒண்ணுதான் காட்டுது. மிச்சம் ஆற வாபஸ் வாங்குங்கறாங்க” என்றார்.

“அடிச்ச மணிய எப்டி சார் வாபஸ் வாங்கறது? காதுலேர்ந்து புடுங்கறதா?”

“விளையாடாதம்மா. ஆளுக்கு ஒரு நம்பர் கொண்டு வா. எங்கேருந்துன்னு நான் கேக்க மாட்டேன்.”

கேட்க மாட்டேன் என்கிற அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் தொழில் பாதி ஓடுகிறது. அவள் ஆறு எண்கள் தேடினாள். தன் வீட்டுக்காரர் எண். மாமியார் எண். தம்பி எண். கீழே உரக்கடை. எதிரே ஜெராக்ஸ் கடை. ஐந்தாயிற்று.

மதியம் சாப்பிடும்போது அவள் டப்பாவிலிருந்த கருவாட்டுக் குழம்பை நான் என் சோற்றில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணு கொறையுதுக்கா” என்றாள்.

கொடுத்தால் அவள் கணக்கு ஏறும், என் சென்னை ஒரு படி தள்ளிப்போகும். தெரிந்துதான் என் சொந்த எண்ணைச் சொன்னேன். குழம்பின் ருசியா, என் கூச்சமா, தெரியவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தாளில் காலியாக விட்டிருந்த நாலாவது வரியில் எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சரிபார்க்கும் அழைப்புகள் வந்தன. நான் காய்கறிக் கடையில் நின்றிருந்தேன். சென்னையிலிருந்து ஒரு பெண் குரல் குடியிருப்புப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொல்லி, நீங்கதானே என்றது. ஆமாம் என்றேன். வயது கேட்டது.

“இருபத்திரெண்டு.”

கடைக்காரர் தராசை அப்படியே பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கத்திரிக்காயை நிறுத்தார்.

உரக்கடைக்காரர், “ஆமா, வேலைக்கு வருது” என்று முடித்துவிட்டு மூட்டை தூக்கப் போய்விட்டாராம். எதிர்மேசைக்காரியின் வீட்டுக்காரர் கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். அந்த மெஷின் சத்தத்தில், “நான் அவங்க வூட்டுக்காருதாங்க பேசறேன்” என்று கத்தியிருக்கிறார்.

“என் ஆளுக்கு ரெண்டாவது சம்சாரம் சேத்து வெச்சிட்டேன்கா. அதுவும் கம்பெனி ரெக்கார்டுல” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கம்ப்யூட்டரில் ஏழு பேரும் திரும்ப ஏழு பேரானார்கள். அந்த ஏழு பேருக்கு இதெதுவும் தெரியாது. அவர்கள் நாள் தவறாமல் பஸ் ஏறினார்கள்.

சிரிப்பு இரண்டு வாரம் இருந்தது. பிறகு சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊழியர்கள் வேலையில் சேரும்போது அவசரத்துக்கு என்று வீட்டில் ஒருவர் எண்ணைக் கொடுப்போம். எதிர்மேசைக்காரி கொடுத்திருந்தது வீட்டுக்காரர் எண். அதே எண் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணின் பெயரிலும் இருப்பதைத் தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். போலிப் பதிவு. விதிப்படி அன்றைக்கே வேலை போகும். இந்தத் தொழிலில் வேறு எந்த ஆபீசும் அப்படிப்பட்டவரைச் சேர்க்காது. வியாழக்கிழமை நேரில் விசாரிக்க ஆள் வருகிறார் என்று எழுதியிருந்தது.

என் எண் அகப்படவில்லை. போன வருஷம் எண்ணை மாற்றியபோது அலுவலகக் கோப்பில் திருத்தச் சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். சோம்பல் என்னைக் காப்பாற்றியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் பூட்டிக்கொண்டு இறங்கினோம். படிக்கட்டின் நடுவில் அவள் நின்றாள்.

“அக்கா, நாளைக்கு நீ வாய தொறக்காத. உன் நம்பரு அதுல கீதுன்னு எவனுக்கும் தெரியாது. நீ பாட்டுக்கு மெட்ராசு போயிக்கினே இரு.”

“நீ?”

“எனக்கு இன்னா. எங்க அம்மா கூட நடவுக்குப் போறேன். இடுப்பு வளையாது, அவ்ளோதான். நாலு நாள் வலிக்கும், அப்பால பழகிடும்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் கைப்பிடிச் சுவரில் விரலால் ஒயர் பொருத்துகிற மாதிரி எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். அவள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். தொழிற்சாலை வாசலில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய நாளை எனக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நான் மிச்சப் படிகளில் இறங்கினேன். வீடுவரை நடந்தே போனேன், நேர்வழியில் இல்லை. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். கால் ஆடுகிறவர்களுக்கு நடந்தால்தான் யோசனை ஓடும். அன்றைக்கு நடந்தும் ஓடவில்லை. அந்தச் சென்னை ஜன்னல் மட்டும் என்னோடு கூடவே வந்தது.

வியாழக்கிழமை வந்த தணிக்கைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மெலிந்தவர். சொந்தமாகத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார். அவள் எண்களை எழுதிய தாளை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். குரலை உயர்த்தவே இல்லை. ஒவ்வொருவரையும் மற்றவர் முன்னாலேயே கேட்டார்.

“சார், ஏழு பேரும் நெசம். வேணும்னா கம்பெனில போயி பாருங்க. ஒருத்தி ஒரு நாளு லீவு போடல” என்றாள் அவள்.

“ஆள் நிஜம்னு எனக்குத் தெரியும்மா. ரெக்கார்டு பொய். நான் ரெக்கார்டுக்குத்தான் வந்திருக்கேன்.”

மேனேஜரைப் பார்த்தார். “நம்பர் கொண்டு வரச் சொன்னேன் சார். வேற எதுவும் நான் சொல்லல” என்றார் மேனேஜர். அது முழுப் பொய்யில்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். “மேடம், உங்களுக்கு இதப் பத்தி ஏதாவது தெரியுமா?”

என் கால் ஆடவில்லை. அதைக் கவனித்தவள் எதிர்மேசைக்காரி மட்டும்தான். மேசைக்குக் கீழே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், வேண்டாம் என்று கண்ணைச் சுருக்கினாள். சுவரில் மணி தொங்கிக்கொண்டிருந்தது. தெரியாது என்ற வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. சின்ன வார்த்தை. சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போனால், அங்கே என் ஜன்னலில் எந்த நேரமும் ஒருத்தி குனிந்து நடவு நட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.

“அந்தத் தாள்ல நாலாவது நம்பருக்கு ஒரு போன் போடுங்க சார்” என்றேன்.

போட்டார். என் கைப்பை மேசைமேல் அதிர்ந்து பாட ஆரம்பித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை. அதுவாக ஓயும்வரை நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“இருபத்திரெண்டு வயசு நீங்கதானா?” என்றார் அவர்.

“ஆமா சார்.”

“ஏரியா லீட் லிஸ்ட்ல முதல் பேரு உங்களோடது. தெரியுமா?”

தெரியாது. அதுவரை யாரும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் பாட்டிலைத் திறந்து நிதானமாகக் குடித்தார். எழுதிக்கொண்டிருந்த தாளை எடுத்து மடித்துப் பையில் வைத்தார். “ஒருத்தர் செஞ்சா மோசடி. ரெண்டு பேர் சேர்ந்து, மேனேஜருக்கும் தெரிஞ்சு செஞ்சா கிளை நடைமுறை. அதுக்கு ஃபார்ம் வேற” என்று பையிலிருந்து வேறொரு தாளை எடுத்தார். அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. மேனேஜர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

குடியிருப்பைப் பார்க்க வேண்டும் என்றார். முதல் ஷிப்ட் முடிந்து அந்தப் பெண்கள் திரும்புகிற நேரம். மேனேஜர் வண்டியில் அவர், உரக்கடையில் இரவல் வாங்கிய வண்டியில் நாங்கள் இருவரும். ஏரிக்கரையில் இறங்கியபோது ஏழு பேரும் பஸ்ஸிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கழுத்தில் அட்டை, உடம்பில் வெண்ணெய் பிஸ்கட் வாசனை. போன் வைத்திருந்த பெண் முன்னால் வந்தாள்.

“ஏம்மா, இப்ப சம்பளம் வருதே. ஆளுக்கு ஒரு போன் வாங்கிக்கலாமே?” என்றார் தணிக்கைக்காரர்.

“எதுக்கு சார்? ஏழு போனு இருந்தா ஏழு பேரும் கட் பண்ணிட்டு தூங்கிடுவோம். ஒண்ணு இருக்கங்காட்டி நான் எழுந்து ஆறு கதவ தட்டறேன். தட்டினவ அப்பால எப்டி தூங்கறது?”

“நீங்களே எழுந்திருக்கலன்னா?”

“அன்னிக்கி ஏழு பேரும் லீவு.” பின்னால் ஆறு பேரும் சிரித்தார்கள். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்கள யாரு சார் எழுப்பறது?”

“அலாரம்தான்.”

“ஐய, பாவம்” என்றாள், நிஜமாகவே வருத்தப்பட்டு.

அவர் தாளில் எதுவோ ஒரு வரி எழுதினார். என்னவென்று நாங்கள் கேட்கவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. எனக்கும் அவளுக்கும் எச்சரிக்கைக் கடிதம், ஒரு வருஷத்துக்கு இருவருக்கும் பதவி உயர்வு கிடையாது. அவளுக்கு வேலை உண்டு, ஆனால் திருவள்ளூர் கிளைக்கு மாற்றம். சென்னைப் பதவி செங்கல்பட்டு கிளையில் இருந்த ஒருவருக்குப் போனது. வீடியோவில் அவர் நன்றி சொன்னபோது நாங்கள் மூன்று பேரும் எழுந்து நின்று மூன்று முறை தட்டினோம். கம்ப்யூட்டரில் எதுவும் மாறவில்லை. திருத்தக் கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த ஏழு பேரில் ஒருத்தி இன்றைக்கும் உரக்கடையில்தான் இருக்கிறாள், ஒருத்தி என் கைப்பையில்.

அவள் கிளம்பிய சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் நானும் போய் நின்றேன். ஒரு பையில் துணி, ஒரு பையில் சுவரிலிருந்து அவள் கழற்றிக்கொண்ட காலண்டர். வீட்டுக்காரர் அறுவடை முடிந்ததும் வருவதாகப் பேச்சு.

“மேசைய எவளுக்கும் குடுக்காத. நான் திரும்பி வருவேன்” என்றாள்.

“வந்தா என் மேல அதிகாரம் பண்றதுக்கு வருவ.”

“பின்ன? உன் கால கட்டிப்போடத்தான் வருவேன்.”

காஞ்சிபுரம் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்று, டிபன் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டேன் என்றாள். அந்த ஏழு பேருக்கும் இரண்டு மாதம் முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நாளை விடியற்காலையிலிருந்து அவர்களை எழுப்ப வேண்டியவள் நான். கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் நகரத் தொடங்கிய பிறகுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையையும் ஒரு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள்.

“அக்கா, அந்த நம்பருக்கு ரெண்டு ரிங்கு வுடு, போறும்! மூணாவது வுட்டின்னா, கதவ தட்டிக்கினு கீறவள திரும்ப வூட்டுக்கு ஓட வெச்சிடுவ!”